ஏஐ நோயைக் கண்டுபிடிக்குதா? தொத்து நோய் விஷயத்துல அது உண்மையில என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் எளிமையா

"ஏஐ புது ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிச்சிருச்சு", "கொரோனாவை உலகத்துலயே முதல்ல மோப்பம் பிடிச்சது ஏஐதான்", "எக்ஸ்ரேவை மெஷின்கிட்ட குடுத்தா போதும், டாக்டரே வேணாம்". இதுல ஒண்ணாவது உங்க வாட்ஸப்புக்கு வந்திருக்கும். இதுக்கு நேர் எதிர்ல இன்னொரு கூட்டம் இருக்கு, எல்லாமே பில்டப்பு, ஷேர் விலையை ஏத்துற வேலைன்னு ஒரே போடா போட்டுட்டு போயிடும். ரெண்டு பேருமே ஏஐயை ஏதோ ஒரு ஆள் மாதிரி நெனச்சுக்கிட்டுதான் பேசுறாங்க, ஒருத்தருக்கு அது மேதை, இன்னொருத்தருக்கு ஃப்ராடு.

தொத்து நோய்னா பாக்டீரியா, வைரஸ் மாதிரி கிருமிங்களால வந்து, ஆள் மூலமாவோ காத்து, தண்ணி, கொசு மூலமாவோ பரவுற நோய். இந்த ஏரியாவுல ஏஐ பண்ற வேலையை ரொம்ப சுருக்கி சொல்லணும்னா வரிசை போடறது, அவ்வளவுதான். எந்த மூலக்கூறை முதல்ல டெஸ்ட் பண்ணலாம், எந்த எக்ஸ்ரேவை முதல்ல எடுத்து பாக்கலாம், வார்டுல எந்த பேஷன்ட்கிட்ட முதல்ல ஓடணும். கடைசி முடிவு பெரும்பாலும் இன்னும் லேப்ல, ட்ரையல்ல, டாக்டர் கையிலதான் இருக்கு. வரிசை போடறதுதானேன்னு சாதாரணமாவும் நெனச்சுடாதீங்க, ஏன்னு கீழ வருது.

## மொதல்ல உங்க ஸ்பேம் ஃபோல்டரை பாருங்க

மெயில்ல ஸ்பேம் ஃபோல்டர்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு லாட்டரின்னா என்ன, ஏமாத்துறதுன்னா என்னன்னு எதுவும் தெரியாது. கோடிக்கணக்கான மெயிலை ஜனங்க "இது ஸ்பேம்", "இது இல்ல"ன்னு குறிச்சு குடுத்திருக்காங்க, அதுல எந்த மாதிரி வார்த்தை வருது, எந்த மாதிரி லிங்க் வருது, யார்கிட்ட இருந்து வருதுன்னு இருக்கற பேட்டர்னை எல்லாம் ஒரு ப்ரோக்ராம் கணக்கா மாத்தி வெச்சிருக்கு. புது மெயில் வந்தா அதுக்கு ஒரு மார்க் போடும், மார்க் ஒரு கோட்டைத் தாண்டினா ஸ்பேமுக்கு தள்ளிடும்.

நமக்கு வேண்டிய நாலு வார்த்தையும் இதுலயே இருக்கு. அந்த கணக்குக்கு பேரு மாடல். பழைய உதாரணங்களைக் காட்டி அந்த கணக்கை செட் பண்றது ட்ரெய்னிங். ஒவ்வொரு உதாரணத்து மேலயும் மனுஷங்க ஒட்டின "ஆமா / இல்ல" பதில்தான் லேபிள். தள்ளலாமா வேணாமான்னு பிரிக்கற கோடு கட்ஆஃப்.

ஸ்பேம் ஃபோல்டர் ரெண்டு விதமா சொதப்பும், முக்கியமான மெயிலை ஸ்பேம்ல போட்டுடும், ஸ்பேமை இன்பாக்ஸ்ல விட்டுடும். கட்ஆஃபை கீழ இறக்கினா ஒரு தப்பு குறையும், இன்னொண்ணு ஏறும், ரெண்டையும் சேத்து ஒழிக்க கட்ஆஃபால முடியாது. அப்புறம் ஸ்பேம் அனுப்புறவன் சும்மா இருக்க மாட்டான், வார்த்தையை மாத்துவான், போன வருஷம் நல்லா வேலை செஞ்ச ஃபில்டர் இந்த வருஷம் கோட்டை விடும்.

இப்ப மெயிலுக்கு பதிலா எக்ஸ்ரே, ரத்த ரிசல்ட், வேதிப்பொருள்னு போட்டுக்கோங்க. ஸ்பேம் அனுப்புறவன் இடத்துல கிருமியை வெச்சுக்கோங்க. மாடல் நோயை "புரிஞ்சுக்கறது" இல்ல, பழைய உதாரணங்களோட இது எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு மார்க் போடுது. இவ்வளவுதான் அடிப்படை.

## ஆன்டிபயாட்டிக் வேட்டை: ஹாலிசின் கதை

இந்த ஏரியாவுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் இதுதான், ஏன்னா இதுல எந்த வேலையை மெஷின் செஞ்சது, எதை மனுஷங்க செஞ்சாங்கன்னு பளிச்சுன்னு தெரியும்.

பிரச்சனை என்னன்னா நம்மகிட்ட இருக்கற ஆன்டிபயாட்டிக்குக்கு பாக்டீரியா பழகிட்டே வருது. மருந்து குடுத்தும் சாகாம தப்பிக்கற தன்மைக்கு ரெசிஸ்டன்ஸ்னு பேரு. 2019-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியா இதனால செத்திருக்காங்கன்னு லான்செட் இதழ்ல வந்த ஆய்வு சொல்லுது. புது மருந்து வேணும், ஆனா வேதிப்பொருள் கோடிக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணையும் கிருமி மேல ஊத்திப் பாக்க எந்த லேபாலயும் ஆகாது.

அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் காலின்ஸ், ரெஜினா பார்சிலே குழு என்ன பண்ணாங்கன்னா, முதல்ல 2,335 மூலக்கூறுகளை எடுத்து ஒவ்வொண்ணும் ஈ.கோலை பாக்டீரியாவோட வளர்ச்சியை நிறுத்துதா இல்லையான்னு லேப்லயே டெஸ்ட் பண்ணாங்க. அதுதான் லேபிள். அதை வெச்சு மாடலுக்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க, அப்புறம் வேற வேற நோய்க்காக ஏற்கனவே ஆராய்ச்சியில இருந்த சுமார் 6,000 மூலக்கூறுக்கு மார்க் போட சொன்னாங்க. நல்ல மார்க் வாங்கினதுல, பழைய ஆன்டிபயாட்டிக் எதோட சாயலும் இல்லாத ஒண்ணு மாட்டிச்சு. அது ஒரு காலத்துல சர்க்கரை நோய்க்குன்னு பரிசோதிச்சு, சரிவரலன்னு மூலையில போட்ட பொருள். அதுக்குத்தான் ஹாலிசின்னு பேர் வெச்சாங்க, கட்டுரை 2020 பிப்ரவரியில செல் இதழ்ல வந்துச்சு.

மாடல் சொன்னதோட கதை முடிஞ்சிடல. ஹாலிசினை நிஜ கிருமி மேல போட்டு பாத்தாங்க, எலிக்கு தொத்து வரவெச்சு அதுக்கு குடுத்து பாத்தாங்க, வேற மருந்துக்கு மசியாத அசினெட்டோபேக்டர் பாமானிங்கற பாக்டீரியா மேலயும் வேலை செஞ்சது. பாக்டீரியா உயிரோட இருக்கறதுக்கு அதோட சவ்வுக்கு ரெண்டு பக்கமும் ஒரு மின்வேதி வித்தியாசத்தை தக்கவெச்சுக்கணும், ஹாலிசின் அதைக் குலைக்குதுன்னு கண்டுபிடிச்சது மனுஷங்க, அதையும் பரிசோதனை பண்ணித்தான்.

அதே மாடலை 10 கோடிக்கு மேல மூலக்கூறு இருக்கற ஒரு டேட்டாபேஸ் மேலயும் ஓட்டினாங்க, சில நாள்ல முடிஞ்சிடுச்சு. அதுல 23-ஐ மட்டும் பொறுக்கி லேப்ல பாத்தாங்க, 8 வேலை செஞ்சது. அதாவது மாடல் ஆசையா பரிந்துரை பண்ணதுலயே பாதிக்கு மேல ஃபெயில்! ஆனா இதை தோல்வின்னு சொல்றவங்களுக்கு விஷயம் பிடிபடலன்னு அர்த்தம், 10 கோடியில கண்ணை மூடிட்டு 23 எடுத்தா ஒண்ணு கூட தேறுறது கஷ்டம்.

2023-ல இதே வழியில அபாசின்னு ஒண்ணு வந்துச்சு, இது பெரும்பாலும் அசினெட்டோபேக்டரை மட்டும் குறிவெச்சு அடிக்குது, வயித்துல இருக்கற நல்ல பாக்டீரியாவை ரொம்ப தொந்தரவு பண்ணாத மருந்துக்கு இந்த குணம்தான் வேணும். ஹாலிசின், அபாசின் ரெண்டுமே இன்னும் மருந்துக்கடைக்கு வரல. எலியில வேலை செஞ்சதுக்கும் மனுஷனுக்கு பாதுகாப்புன்னு நிரூபிக்கறதுக்கும் நடுவுல பல வருஷ ட்ரையல் இருக்கு, அந்த பகுதியை ஏஐ பெருசா சுருக்கல. "கண்டுபிடிச்சிருச்சு"ன்னு நியூஸ் வரும்போது அது எந்த கட்டத்துல இருக்குன்னு பாருங்க.

இருக்கற மருந்தையே வேற நோய்க்கு மாத்தி யோசிக்கறதுல வேகம் இன்னும் ஜாஸ்தி. மூட்டுவாத மருந்தான பாரிசிட்டினிப் கோவிடுக்கு உதவலாம்னு பெனவலன்ட்ஏஐங்கற கம்பெனியோட குழு 2020 பிப்ரவரியிலயே எழுதிட்டாங்க, ஆராய்ச்சி கட்டுரைகள்ல இருந்து மெஷின் கோர்த்த தொடர்புகளை வெச்சு. அப்புறம் பெரிய ட்ரையல்கள்ல சாவு குறையறது உறுதியாச்சு, 2022 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் தீவிர கோவிடுக்கு அதை பரிந்துரையே பண்ணுச்சு. பிப்ரவரி 2020-ல அது ஒரு நல்ல யூகம், மருந்தா மாத்தினது ட்ரையல்தான்.

ஆல்ஃபாஃபோல்டு பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, புரதம் எந்த வடிவத்துல மடங்கும்னு கணிக்கற மாடல், 2024 வேதியியல் நோபல் பரிசுல டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் வாங்கினது இதுக்காகத்தான். கிருமியோட புரத வடிவம் தெரிஞ்சா மருந்து எங்க போய் உக்காரும்னு யோசிக்க ஒரு ஆரம்பம் கிடைக்கும். ஆரம்பம் மட்டும்தான்.

இதுவரைக்கும்: லேப் குடுத்த லேபிள்ல இருந்து மாடல் கத்துக்குது, கோடிக்கணக்கான பொருளை வரிசை போடுது, திரும்ப லேப்தான் தீர்ப்பு சொல்லுது.

## டிபி எக்ஸ்ரேவும் ஒரு சின்ன கணக்கும்

காசநோய் (டிபி) இன்னும் உலகத்துல அதிக உயிரை எடுக்கற தொத்து நோய்ங்கள்ல ஒண்ணு, 2023-ல மட்டும் சுமார் 1.08 கோடி பேருக்கு வந்துச்சு, 12.5 லட்சம் பேர் செத்தாங்க. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கற மெஷினை இப்பல்லாம் பையில தூக்கிட்டே போயிடலாம், ஆனா அதைப் படிச்சு சொல்ற ரேடியாலஜிஸ்ட் பல இடத்துல கிடையாது. அதனால 2021-ல உலக சுகாதார நிறுவனம், 15 வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு டிபி ஸ்க்ரீனிங்ல எக்ஸ்ரேவை மனுஷருக்கு பதிலா சாஃப்ட்வேர் படிக்கலாம்னு சொல்லிடுச்சு. ஸ்க்ரீனிங்னா நோய் இருக்குன்னு உறுதி பண்றது இல்ல, யாருக்கு அடுத்த டெஸ்ட் பண்ணணும்னு பிரிக்கறது. சாஃப்ட்வேர் மார்க் போடும், கட்ஆஃபுக்கு மேல போனவங்களுக்கு சளி டெஸ்ட், அதுல கிருமி தெரிஞ்சா டிபி உறுதி.

இப்ப கணக்கு. நிஜ நம்பர் இல்ல, புரியறதுக்காக நான் எடுத்துக்கறது. 1,000 பேருக்கு எக்ஸ்ரே எடுக்கறோம், அதுல 10 பேருக்கு நிஜமாவே டிபி. நோய் இருக்கறவங்கள்ல 90 சதவீதம் பேரை மெஷின் பிடிக்கும், நோய் இல்லாதவங்கள்ல 10 சதவீதம் பேரையும் தப்பா பிடிக்கும்னு வெச்சுக்குவோம்.

அப்ப 10 பேர்ல 9 பேர் மாட்டுவாங்க. மீதி 990 பேர் நல்லா இருக்கறவங்க, அதுல 99 பேர் தப்பா மாட்டுவாங்க. மொத்தம் 108 பேரை மெஷின் சந்தேகப்படுது, அதுல நிஜ டிபி 9 பேர்தான், பன்னெண்டுல ஒருத்தர்! "90 சதவீதம் சரியா சொல்லும்"னு பெட்டி மேல போட்டிருக்கே, அப்புறம் என்ன இதுன்னு தோணும். ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, 1,000 சளி டெஸ்ட் பண்ண வேண்டிய இடத்துல 108 பண்ணி 9 பேரை பிடிச்சாச்சு. வரிசை போடற வேலைக்கு இது அருமையான ரிசல்ட், தீர்ப்பு சொல்ற வேலைக்கு படு மோசமான ரிசல்ட். மெஷின் ஒண்ணுதான், எதுக்கு யூஸ் பண்றோம்ங்கறதுதான் வேற.

இதே மெஷினை வாரக்கணக்கா இருமிக்கிட்டு கிளினிக்குக்கு வர்ற 1,000 பேர்கிட்ட போடுங்க, அங்க 200 பேருக்கு டிபின்னு வெச்சுக்கிட்டா 180 பேர் சரியா மாட்டுவாங்க, 80 பேர் தப்பா, அதாவது சந்தேகப்பட்ட 260 பேர்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் நிஜம். மெஷின்ல ஒரு ஸ்க்ரூ கூட மாத்தல, ஆள் கூட்டம்தான் மாறிச்சு.

இன்னொண்ணு, "துல்லியம் 99 சதவீதம்"னு விளம்பரம் பாத்தா கொஞ்சம் நிதானமா இருங்க. முதல் கூட்டத்துல எக்ஸ்ரேவையே பாக்காம "யாருக்கும் டிபி இல்ல"ன்னு சொல்ற ஒரு ப்ரோக்ராம் எழுதினா அதோட துல்லியமும் 99 சதவீதம்தான்.

அப்புறம் முன்னாடி டிபி வந்து குணமானவங்க நுரையீரல்ல தழும்பு இருக்கும், சாஃப்ட்வேர் அதைப் பாத்து ஏமாறும். அதனால கட்ஆஃபை எந்த ஊருக்கும் ஒரே மாதிரி வெக்க முடியாது, அங்கங்க இருக்கற ஜனங்களை வெச்சு செட் பண்ணணும்.

## ஷார்ட்கட் அடிக்கற மாடல்

2020-ல கோவிட் வந்தப்ப எக்ஸ்ரே, சிடி ஸ்கேனை பாத்து கோவிட் சொல்ற மாடல்னு ஆளாளுக்கு கட்டுரை போட்டாங்க. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் தலைமையில ஒரு குழு அந்த வருஷம் வந்ததுல 2,212 கட்டுரையை எடுத்து வடிகட்டினாங்க, அடிப்படை தரம் தேறினதே 62தான், அந்த 62-லயும் ஆஸ்பத்திரியில யூஸ் பண்ற அளவுக்கு ஒண்ணு கூட இல்லன்னு 2021-ல எழுதினாங்க.

காரணம் சுவாரஸ்யமானது. சில குழுக்கள் "கோவிட் இல்லாத" எக்ஸ்ரேவுக்கு இன்டர்நெட்ல கிடைச்ச ஒரு தொகுப்பை எடுத்தாங்க, அது 1 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களோட எக்ஸ்ரே. கோவிட் எக்ஸ்ரே எல்லாம் பெரியவங்களோடது. மாடல் கத்துக்கிட்டது என்னன்னா, பெரிய நெஞ்சு இருந்தா கோவிட், சின்ன நெஞ்சு இருந்தா இல்ல! மார்க் மட்டும் சூப்பரா வந்துச்சு. இன்னொரு எடத்துல, ரொம்ப முடியாதவங்களுக்கு படுக்க வெச்சு எடுப்பாங்க, தெம்பா இருக்கறவங்களுக்கு நிக்க வெச்சு எடுப்பாங்க, மாடல் அதைப் பிடிச்சுக்கிச்சு. எக்ஸ்ரே மூலையில ஆஸ்பத்திரி போடற எழுத்து வரைக்கும் பாத்து காப்பி அடிச்ச மாடல் உண்டு.

இப்படி நோயை விட்டுட்டு நோயோட கூடவே தற்செயலா வந்த அடையாளத்தை பிடிச்சுக்கறதுக்குத்தான் ஷார்ட்கட்னு பேரு. மாடல் மேல தப்பில்ல, நாம குடுத்த உதாரணத்துல அதுதான் சுலபமான வழியா இருந்துச்சு. ட்ரெய்னிங்ல பாக்காத வேற ஆஸ்பத்திரி டேட்டாவுல டெஸ்ட் பண்ணாம இதைப் பிடிக்கறது கஷ்டம், அதனால ஒரு நியூஸ் படிக்கும்போது நான் முதல்ல தேடறது "வேற எடத்துல டெஸ்ட் பண்ணாங்களா"ங்கற ஒரு வரியைத்தான்.

## நோய் பரவறதை முன்னாடியே சொல்றது

கூகுள் 2008-ல ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஜனங்க கூகுள்ல எதைத் தேடறாங்கன்னு பாத்து ஃப்ளூ எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்லிடலாம், டாக்டர்கள் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியேன்னு. ஐடியா நல்லா இருந்துச்சு. 5 கோடி தேடல் வார்த்தையை அலசி 45-ஐ எடுத்தாங்க, அப்படி அலசும்போது ஃப்ளூவோட சேந்து ஏறி இறங்கின வார்த்தைங்கள்ல ஸ்கூல் பாஸ்கெட்பால் கூட வந்துச்சாம், ஏன்னா ரெண்டுமே அமெரிக்காவுல குளிர்கால சமாச்சாரம்! அதை சேத்துக்காம விட்டுட்டாங்க. ஆனா அந்த மாதிரி "குளிர்கால வாசனை" முழுசா போகல, 2009-ல பன்னிக்காய்ச்சல் குளிர்காலம் இல்லாத நேரத்துல கிளம்பினப்ப முதல் அலையை அது கோட்டை விட்டுச்சு. அப்புறம் 2012-13 சீசன்ல நிஜத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல சொல்லிச்சு. 2015-ல மூடிட்டாங்க.

கொரோனா விஷயத்துக்கு வருவோம். டொரான்டோவுல இருக்கற ப்ளூடாட் கம்பெனி 2019 டிசம்பர் 31-லயே வூஹான் நிமோனியா பத்தி தன் வாடிக்கையாளர்களுக்கு அலர்ட் அனுப்பிச்சு, அது உண்மை. விமான டிக்கெட் டேட்டாவை வெச்சு அடுத்து எந்த ஊருக்கு போகலாம்னும் சொன்னாங்க, அதுவும் பெரிய விஷயம்தான். ஆனா அந்த சாஃப்ட்வேர் படிச்சது என்னத்தை? யாரோ எழுதி வெளிவந்த செய்தியை. அதுக்கு முன்னாடி வூஹான் டாக்டர்கள் இந்த நிமோனியா வேற மாதிரி இருக்கேன்னு கவனிச்சாச்சு, ப்ரோமெட்ங்கற மனுஷங்க நடத்தற எச்சரிக்கை அமைப்பும் டிசம்பர் 30-லயே தகவல் போட்டாச்சு. யாரும் எழுதலன்னா, இல்ல எழுத விடலன்னா, படிக்கற மெஷினுக்கு படிக்க ஒண்ணும் இருக்காது.

## ஆஸ்பத்திரி அலாரம்

செப்சிஸ்னா தொத்துக்கு எதிரா உடம்பு காட்டற ரியாக்ஷனே கட்டுமீறிப் போய் சொந்த உறுப்புகளைக் கெடுக்கற நிலை. இதுல மணி நேரம் முக்கியம், அதனால ரத்த அழுத்தம், காய்ச்சல், லேப் ரிசல்ட் எல்லாத்தையும் பாத்து முன்கூட்டியே அலாரம் அடிக்கற மாடல்னா எல்லாருக்கும் ஆசை.

அமெரிக்காவுல நூத்துக்கணக்கான ஆஸ்பத்திரியில இருந்த எபிக்ங்கற ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் கம்பெனியோட செப்சிஸ் மாடலை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க தனியா சோதிச்சு 2021-ல வெளியிட்டாங்க. செப்சிஸ் வந்தவங்கள்ல 67 சதவீதம் பேரை அது கண்டுபிடிக்கவே இல்ல, அதே சமயம் அட்மிட் ஆன மொத்த பேர்ல 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடிச்சு தள்ளிச்சு. ஒரு நர்ஸ் இடத்துல இருந்து யோசிங்க, அலாரம் சும்மா சும்மா அடிச்சா கொஞ்ச நாள்ல காது அதைக் கேக்கறதையே நிறுத்திடும், நிஜமான அலாரமும் அதுல போயிடும். இந்த மாடல் கணக்குல எடுத்துக்கிட்டதுல ஒண்ணு, டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதியாச்சாங்கறது. டாக்டர் சந்தேகப்பட்டு மருந்து எழுதினதுக்கு அப்புறம் மெஷின் வந்து "எனக்கும் சந்தேகமா இருக்கு"ன்னா அதுல யாருக்கு என்ன லாபம்?

எல்லாமே இப்படித்தான்னு முடிவு கட்டிடாதீங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவோட இன்னொரு அலாரத்தை 5 ஆஸ்பத்திரியில வெச்சு பாத்தாங்க, 2022-ல ரிசல்ட் வந்துச்சு. அலாரம் அடிச்சு 3 மணி நேரத்துக்குள்ள டாக்டரோ நர்ஸோ பாத்து உறுதி பண்ண பேஷன்ட்டுங்க மத்தியில, அப்படி பாக்கப்படாதவங்களை விட சாவு 18.7 சதவீதம் கம்மி. இது ஆளுங்களை சீட்டு குலுக்கி ரெண்டு குழுவா பிரிச்சு ஒப்பிட்ட ட்ரையல் இல்ல, அதனால முழு பெருமையும் மெஷினுக்கு குடுக்க முடியாது, ஆனா கவனிங்க, நல்ல ரிசல்ட் வந்தது அலாரத்தை ஒருத்தர் வந்து பாத்த இடத்துல.

அதாவது: மாடல் நல்லா இருந்தா மட்டும் பத்தாது, அது சொன்னதும் யார் என்ன பண்ணணும்ங்கறது தெளிவா இருக்கணும்.

## கிருமி சும்மா இருக்காது

ஸ்பேம் அனுப்புறவன் வார்த்தையை மாத்துவான்னு சொன்னேன்ல, கிருமி அதே வேலையை இன்னும் வேகமா பண்ணும். வைரஸ் உருமாறும், பாக்டீரியா ரெசிஸ்டன்ஸ் பழகும், வார்டுக்கு வர்ற பேஷன்ட் வகையும் மாறும். பழைய டேட்டாவுல கத்துக்கிட்ட மாடலோட தரம் இதனால மெல்ல தேயறதுக்கு ட்ரிஃப்ட்னு பேரு. எலும்பு முறிவு எக்ஸ்ரே மாடலுக்கு இந்த தலைவலி கம்மி, எலும்பு தந்திரம் பண்ணாது.

மாற்றத்தையே முன்னாடி யூகிக்கவும் முயற்சி நடக்குது. ஹார்வர்டுல டெபோரா மார்க்ஸ் குழுவோட ஈவிஎஸ்கேப் மாடல், 2020-க்கு முன்னாடி இருந்த தகவலை மட்டும் வெச்சே, கொரோனா வைரஸ் எந்த இடத்துல மாறினா நம்ம எதிர்ப்பு சக்திகிட்ட இருந்து தப்பிக்கும்னு வரிசை போட்டு காட்டிச்சு, அப்புறம் நிஜத்துல வந்த மாற்றங்களோட ஒப்பிட்டா நல்லாவே ஒத்துப்போச்சு. எந்த மாற்றம் வரலாம்னுதான் சொல்லும், எந்த தேதியில வரும்னு இல்ல.

## சாட்பாட்கிட்ட காய்ச்சலுக்கு மருந்து கேக்கலாமா?

இது எல்லாரும் கேக்கற கேள்வி. சாட்பாட்டுக்கு பின்னாடி இருக்கறது லாங்வேஜ் மாடல், ஏகப்பட்ட எழுத்தைப் படிச்சு அடுத்து என்ன வார்த்தை வரும்னு கணிக்கறது. மேல சொன்ன ஆன்டிபயாட்டிக் மாடலுக்கு லேபிள் குடுத்தது லேப் டெஸ்ட், இதுக்கு அடிப்படை பாடம் ஜனங்க எழுதின எழுத்து. டெங்குன்னா என்ன, இந்த ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம், டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கலாம்னு கேளுங்க, நல்லாவே உதவும்.

ஆனா "எந்த ஆன்டிபயாட்டிக் போடட்டும்"னு கேக்கறது வேற. அதுக்கு பதில் சொல்லணும்னா உங்களுக்கு வந்தது பாக்டீரியாவா வைரஸான்னு தெரியணும், வைரஸா இருந்தா ஆன்டிபயாட்டிக்கால ஒரு பிரயோஜனமும் இல்ல. பாக்டீரியான்னா உங்க ஏரியாவுல அந்த பாக்டீரியா எந்த மருந்துக்கு மசியுது, எதுக்கு மசியலன்னு தெரியணும், அந்த லிஸ்ட் பக்கத்து ஆஸ்பத்திரி லேப்ல இருக்கும், அது மாறிட்டேயும் இருக்கும். உங்க கிட்னி எப்படி இருக்கு, எந்த மருந்து உங்களுக்கு அலர்ஜி, இதுல எதையும் நீங்க டைப் பண்ணலன்னா அதுக்கு தெரிய வழியில்ல. தெரியாதுன்னும் பல சமயம் சொல்லாது, சரளமா ஒரு பேரையும் டோஸையும் எழுதிடும். டாக்டரும் சில நேரம் யூகத்துலதான் ஆரம்பிப்பார், ஆனா தேவைப்பட்டா ரத்தத்தையோ சளியையோ எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளத்துப் பாக்கற டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு ஆரம்பிப்பார், ரெண்டு மூணு நாள்ல ரிசல்ட் வந்ததும் அதுக்கு ஏத்த மாதிரி மருந்தை மாத்துவார்.